நந்தனின் வாசலில் எழுந்த பள்ளிக்கூடம்: ஆரணி மண் தந்த சுவாமி சகஜானந்தர்

ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் படவேட்டுக்கு வரும் வழிகள் எல்லாம் மஞ்சள் உடையால் நிறைந்துவிடும். சவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ரேணுகாம்பாள் கோயிலுக்கு வட ஆற்காட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். கருவறையில் வழிபடப்படுவது அன்னையின் சிரசு. அதற்குரிய கதையை இப்பகுதியில் அறியாத குழந்தை இல்லை. தந்தை சமதக்னியின் கட்டளையை ஏற்றுத் தாயை வெட்டத் துரத்துகிறான் பரசுராமன். தாய் சேரிக்குள் ஓடி அடைக்கலம் தேடுகிறாள். காக்க முனைந்த சேரிப் பெண்ணும் சேர்ந்து வெட்டுப்படுகிறாள். பின்னர் உயிர்ப்பிக்கும் வரம் கிடைத்தபோது, தலையும் உடலும் மாறிப் பொருந்திவிடுகின்றன.

தலைக்குக் கோயில் உண்டு, பூசை உண்டு, திருவிழா உண்டு. அடைக்கலம் கொடுத்ததற்காக வெட்டுப்பட்ட அந்தச் சேரிப் பெண்ணின் பெயர் என்ன என்று எந்தத் திருவிழாவிலும் எவரும் கேட்பதில்லை. நம் வரலாறும் பெரும்பாலும் இப்படியே எழுதப்பட்டிருக்கிறது. விடுதலைப் போராட்டம் என்றால் சில தலைகள் மட்டும் நினைவுக்கு வருகின்றன. அப்போராட்டத்தின் உடலாக இருந்தவர்கள் பெயரின்றிப் போனார்கள்.

படவேட்டைக் கடந்து ஓடும் அதே கமண்டல நாகநதிதான் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியைத் தொட்டுச் செல்கிறது. அந்த ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் பிறந்த ஒருவர், கத்தி எடுக்காமல், வசைபாடாமல், ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தீண்டாமைக்கு எதிராகப் போராடினார். சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்த மண்ணிலோ, கல்லூரிக்குச் செல்லும் நம் இளைஞர்களில் எத்தனை பேர் அவர் பெயரை அறிவர்? சுவாமி சகஜானந்தரின் வாழ்க்கையை இங்கே மீண்டும் சொல்ல முனைவதற்கு இக்கேள்வியே காரணம்.

பிறந்த காலம்

1890ஆம் ஆண்டு சனவரி 27ஆம் நாள், அண்ணாமலை, அலமேலு இணையரின் மூத்த மகனாக ஒரு பறையர் குடும்பத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி.

அக்காலத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வட ஆற்காடும் செங்கற்பட்டும் அடங்கிய இந்த நிலப்பரப்பில் உழுபவர் கையில் நிலம் இல்லை. குடியிருக்கும் குடிசையின் அடிமனைகூட நிலவுடைமையாளருக்கு உரியதாக இருந்தது. வேலையை மறுத்தால் வீட்டையும் இழக்க வேண்டும் என்பதே அன்றைய நிலை. முனுசாமி பிறந்து ஓராண்டு கழித்து, 1891இல், இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். அதே காலத்தில் செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை அளித்தார். பின்னாளில் பஞ்சமி நிலம் என்று அழைக்கப்பட்ட நில ஒதுக்கீட்டுக்கு 1892இல் ஆணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோரின் கல்விக்கு அரசு ஊக்கம் அளிக்கும் ஆணை 1893இல் வந்தது. காகிதத்தில் கதவுகள் திறக்கத் தொடங்கிய காலம் அது. ஊர்த் தெருவிலோ அவை மூடியே கிடந்தன.

தொடக்கக் கல்வியை ஊரிலேயே முடித்த முனுசாமி, மேற்கொண்டு படிக்கத் திண்டிவனத்திலிருந்த அமெரிக்க ஆற்காடு மிஷன் பள்ளிக்குச் சென்றார். அங்கே சிறந்த மாணவராகத் திகழ்ந்தார். சிகாமணி என்ற பெயரையும் பெற்றார். கிறித்தவத்தைத் தழுவுமாறு வற்புறுத்தப்பட்டபோது மறுத்தார். படிப்பைத் துறந்து வெளியேறினார். சேரிப் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவைத் திறந்ததில் மிஷன் பள்ளிகளின் பங்கை நாம் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் கல்விக்கு விலையாக நம்பிக்கையைக் கொடுக்க ஓர் ஏழைச் சிறுவன் மறுத்தான் என்பதும் வரலாறு. எவர் தயவும் இன்றி நம் பிள்ளைகள் படிப்பதற்கு ஒரு பள்ளி வேண்டும் என்ற எண்ணத்தின் வித்து அங்கே விழுந்திருக்கலாம்.

தங்கவயலும் துறவும்

பள்ளியை விட்டு வந்த இளைஞரின் பாதை கோலார் தங்கவயலை நோக்கிச் சென்றது. வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் அந்நாளில் அங்கே சென்றன. மண்ணுக்கு அடியில் உயிரைப் பணயம் வைத்துத் தங்கம் வெட்டிய அம்மக்களுக்கு, ஊரில் கிடைக்காத இரண்டு அங்கே கிடைத்தன: கையில் காசாகக் கூலி, பண்ணையாரின் கண்காணிப்பு இல்லாத மாலைப்பொழுது. அந்த மாலைப்பொழுதில்தான் சங்கங்கள் பிறந்தன, இதழ்கள் படிக்கப்பட்டன. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. 1907இல் அவர் தொடங்கிய இதழுக்கு அங்கே வாசகர்களும் எழுத்தாளர்களும் கிடைத்தனர்.

முனுசாமியின் உள்ளம் வேறொரு திசையில் சென்றது. சைவத்திலும் வேதாந்தத்திலும் அவருக்கு நாட்டம் பிறந்தது. துறவியரைத் தேடி அலைந்து, இறுதியில் சென்னை வியாசர்பாடியில் இருந்த கரபாத்திரம் சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்தார். பாத்திரம் ஏதும் வைத்துக்கொள்ளாமல், கையையே கலமாகக் கொண்டு பிச்சை ஏற்றதால் கரபாத்திரர் என்று பெயர்பெற்றவர் அத்துறவி. அவரிடம் தமிழும் சாத்திரமும் கற்ற முனுசாமி, சகஜானந்தர் ஆனார்.

ஒரே மண்ணில், ஒரே காலத்தில், ஒரே ஒடுக்குமுறையை எதிர்கொண்ட இருவர் இருவேறு விடைகளைக் கண்டனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அயோத்திதாசர் இந்து சமயத்தின் எல்லைக்கு வெளியே சென்று, தம் மக்கள் ஆதியில் பௌத்தர்கள் என்று வரலாற்றைத் திருப்பி எழுதினார். சகஜானந்தர் அதே சமயத்தின் உள்ளே சென்று, அதன் உச்சமான துறவு நிலையைத் தமக்கு உரியதாக்கிக்கொண்டார். சூத்திரனுக்கே துறவு இல்லை என்று விதித்த நூல்கள் உள்ள நாட்டில், பறையர் ஒருவர் காவி உடுத்தி மடாதிபதி ஆவது சிறு செயல் அன்று. அதில் ஆரவாரம் இல்லாத கலகம் ஒன்று அடங்கியிருக்கிறது.

சிதம்பரம்: நந்தன் எரிந்த ஊர்

1910ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் சகஜானந்தர் சிதம்பரம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. ஊரின் ஓரத்தில், ஓமக்குளம் பகுதியில் தங்கி, நந்தனார் பெயரில் மடம் ஒன்றை உருவாக்கினார்.

சிதம்பரத்தை அவர் தேர்ந்ததன் பொருளை அறிய நந்தனின் கதையை நினைவுகூர வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் அவர் திருநாளைப்போவார். கொள்ளிடக் கரையிலுள்ள ஆதனூரின் புலைச்சேரியில் பிறந்தவர். கோயில் முரசுகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அளித்தவர். அவர் தந்த தோல் கோயிலுக்குள் சென்றது. அவர் செல்ல முடியவில்லை. திருப்புன்கூரில் வாசலிலிருந்தே காண்பதற்காக நந்தி விலகியதாகக் கதை சொல்கிறது. தில்லையிலோ வாசலில் நின்று காணவும் வழியில்லை. தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக எழுந்த பின்னரே அவர் உள்ளே செல்ல முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி இதே கதையைக் கீர்த்தனையாகப் பாடியபோது, புராணத்தில் இல்லாத வேதியர் என்ற பண்ணையாரைச் சேர்த்தார். அதன்பின் நந்தனின் கதை ஒரு கூலி அடிமையின் கதையாகவும் மாறியது.

நந்தன் அருளால் தீயில் புகுந்தானா, அன்றி எரிக்கப்பட்டானா என்ற கேள்வியைத் தலித் இயக்கங்கள் நெடுங்காலமாக எழுப்பி வருகின்றன. நந்தன் சென்ற வழி என்று கருதப்படும் தெற்குப் பக்கத்தின் அடைப்பை அகற்றக் கோரியும் போராட்டங்கள் நடந்துள்ளன. இத்தகைய ஊரில், நந்தன் பெயரையே பலகையில் எழுதி ஒரு மடத்தை நிறுவுவது என்பது, ஆயிரம் ஆண்டுப் பழங்கணக்கை நாள்தோறும் கோயிலுக்கு நினைவூட்டுவதாகும். சகஜானந்தர் இதற்காக எவரையும் பழித்துப் பேச வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெயர்ப் பலகையே பேசியது.

இருபத்தைந்து பிள்ளைகள்

மடம் நிறுவியவர் பூசையோடு நிற்கவில்லை. 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை ஏற்படுத்தி, இருபத்தைந்து மாணவர்களோடு பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அவர் வாழ்வின் மையம் இதுவே என்று கருதுகிறோம்.

ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது, கட்டடம் எழுப்பி ஆசிரியரை அமர்த்துவதோடு முடிந்துவிடும் பணி அன்று. வயலில் மாடு மேய்க்கும் சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் குடும்பம் ஓர் ஆளின் கூலியை இழக்கிறது. பண்ணையாரின் சினத்துக்கும் ஆளாகிறது. தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்குத் தங்க இடம் வேண்டும். மூன்று வேளை உணவு வேண்டும். உடுத்தத் துணி வேண்டும். சிதம்பரத்தின் தெருவில் அப்பிள்ளைக்கு எவரும் வாடகைக்கு அறை தரமாட்டார்கள். எனவே பள்ளியோடு விடுதியும் தேவைப்பட்டது. விடுதிக்கு நிலம் தேவைப்பட்டது. நிலத்துக்கும் நெல்லுக்கும் பொருள் தேவைப்பட்டது. அதற்காக அத்துறவி ஊர் ஊராகச் சென்று கையேந்தினார். கையைக் கலமாகக் கொண்ட குருவின் மாணவர், பள்ளிக்காகக் கையேந்தியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

ஆண் பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பெண் கல்விக்கும் அவர் வழி செய்தார். இன்று சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே அரசு மேல்நிலைப் பள்ளிகள் இயங்குகின்றன. இருபத்தைந்தில் தொடங்கிய எண்ணிக்கை தலைமுறை தலைமுறையாகப் பெருகியது. கடலூர், நாகை, விழுப்புரம் வட்டாரங்களில் ஒரு சேரியின் முதல் ஆசிரியர், முதல் எழுத்தர், முதல் அலுவலர் எங்கே படித்தார் என்று தேடிச் சென்றால், பலமுறை இந்தப் பள்ளியின் வாசலில் போய் நிற்போம்.

சட்ட அவையில் ஒரு காவி உடை

1926 முதல் 1932 வரையிலும், பின்னர் 1936 முதல் 1959இல் மறையும் வரையிலும் சென்னை மாகாணத்தின் சட்ட அவைகளில் அவர் உறுப்பினராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற பின் நடந்த பொதுத்தேர்தல்களில் காங்கிரசுக் கட்சியின் சார்பில், சிதம்பரம் இரட்டை உறுப்பினர் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் அவைக்குள் சென்ற காலத்தில் அங்கே ஏற்கெனவே ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை நீக்கி ஆதிதிராவிடர் என அழைக்க வேண்டும் என்ற எம்.சி. ராஜாவின் தீர்மானம் 1922இல் நிறைவேறியது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவற்றில் அனைவருக்கும் உரிமை உண்டு என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் 1924இல் நிறைவேறியது. தீர்மானங்கள் இருந்தும் ஊர்க் கிணற்றில் நீர் கிடைக்கவில்லை. அவையின் ஏட்டுக்கும் ஊரின் நடப்புக்கும் இடையிலிருந்த இந்தத் தொலைவைக் குறைக்கும் வேலை சகஜானந்தர் போன்றவர்களின் தோளில் விழுந்தது. பள்ளி, விடுதி, குடிநீர், குடியிருப்பு மனை என்று அன்றாடத் தேவைகளே அவர்கள் எழுப்பிய பொருள்கள். இவற்றுக்காகக் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று பேசுவதில் வீரம் எதுவும் வெளியே தெரியாது. ஆயினும் ஒரு சேரிக்குக் கிணறு வந்தால், அங்குள்ள பெண்கள் ஊர்க் கிணற்றின் ஓரத்தில் குடத்தோடு காத்துநின்ற காலம் முடிவுக்கு வருகிறது. விடுதலை என்ற சொல்லின் பொருள் சேரிக்கு அவ்வாறுதான் வந்து சேர்ந்தது.

காந்தியும் அகிம்சையும்

1927 செப்டம்பரில் காந்தி சிதம்பரம் வந்தார். நந்தனைத் தன்னை வருத்திக்கொள்வதன் மூலம் தடைகளை வென்ற சத்தியாகிரகியாக அவர் கண்டார். 1934இல் தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின்போதும் தமிழகம் எங்கும் சுற்றினார். சகஜானந்தர் காந்தியின் வழியை ஏற்றவர்; காங்கிரசு இயக்கத்தோடு தம்மை இணைத்துக்கொண்டவர்.

இங்கே நாம் ஒரு கசப்பான கேள்வியைத் தவிர்க்க இயலாது. இரு தேர்தல்களுக்கும் இடையே, 1932 செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அண்ணல் அம்பேத்கர் போராடிப் பெற்ற தனி வாக்காளர் தொகுதி, காந்தியின் உண்ணாநோன்பின் முன் கைவிடப்பட்டது. மாகாண அவைகளில் 148 தனி இடங்கள் கிடைத்தன. சென்னை மாகாணத்துக்கு 30. இடங்கள் கூடின, ஆனால் அந்த இடங்களில் அமர்பவரைத் தேர்ந்தெடுக்கும் பெரும்பான்மை வாக்கு மற்றவர் கையில் சென்றது. அதன் விளைவைத் தனித் தொகுதிகளில் இன்றுவரை நாம் அனுபவிக்கிறோம். காங்கிரசின் உள்ளே நின்ற தலித் தலைவர்கள் அனைவருக்கும் இந்தக் கட்டுப்பாடு இருந்தது. சகஜானந்தர் இதற்கு விலக்கல்லர்.

அகிம்சை குறித்தும் நமக்குக் கேள்வி உண்டு. நந்தனைச் சத்தியாகிரகி என்று போற்றும்போது, அவன் ஏன் எரிய வேண்டியிருந்தது என்ற வினா மறைந்துபோகிறது. பட்டுப் பழகியவனுக்கே மேலும் பொறுமையைப் போதிப்பது அறமாகாது. அகிம்சை கற்பிக்கப்பட வேண்டியவர்கள் வெண்மணியில் 1968இல் 44 உயிர்களைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தியவர்கள். 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தவர்கள்.

ஆயினும் சகஜானந்தரின் அகிம்சையைப் பொறுமை என்று மட்டும் படிப்பது பிழை என்பதே எம் கருத்து. அவர் தம் மக்களைத் தீயில் இறங்கச் சொல்லவில்லை. வகுப்பறைக்குள் செல்லச் சொன்னார். நந்தன் தன்னை எரித்துத் தன் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. நந்தனார் பள்ளியில் படித்த பிள்ளை அப்படி எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆயுதம் தாங்காத இவ்வழி, எதிரியின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்கவும் இல்லை.

கோயில் கதவு

1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் வந்தது. 1939 சூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். தொடர்ந்து கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டமும், 1947இல் மாகாணம் முழுமைக்குமான கோயில் நுழைவுச் சட்டமும் வந்தன. 1910இல் சிதம்பரத்தின் ஓரத்தில் வந்து தங்கிய துறவி, முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து, நந்தனின் மக்கள் சட்டத்தின் துணையோடு அக்கோயிலுக்குள் செல்வதைக் காண முடிந்தது.

கதவு திறந்தது, நிர்வாகம் மாறவில்லை. தில்லைக் கோயிலின் மேலாண்மை தீட்சிதர்களிடமே இருக்கலாம் என்று 2014 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவறையில் பூசை செய்யும் உரிமை, தெய்வத்தின் முன் தமிழில் பாடும் உரிமை, சிற்றூர்க் கோயில்களில் நுழையும் உரிமை ஆகிய எல்லாவற்றுக்கும் இன்றும் போராட வேண்டியிருக்கிறது.

குறையும் நிறையும்

1959ஆம் ஆண்டு மே 1ஆம் நாள், தம் அறுபத்தொன்பதாம் வயதில் சகஜானந்தர் மறைந்தார். உழைப்பாளர் நாளில் மறைந்தது தற்செயல் என்றாலும், தங்கவயல் தொழிலாளரிடையே இளமையைக் கழித்தவருக்குப் பொருந்தாத நாள் அன்று.

அவரைப் பற்றிய விமர்சனங்களை மறைக்க வேண்டியதில்லை. சாதியைத் தாங்கிநிற்கும் சமயத்தின் உள்ளேயே மரியாதையைத் தேடினார் என்பது ஒன்று. நந்தனின் பக்தியை ஏற்றவர், அவனது சாவின் நீதியைக் கேட்கவில்லை என்பது மற்றொன்று. அம்பேத்கர் 1956இல் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவி அச்சமயத்திலிருந்து வெளியேறினார். சகஜானந்தர் இறுதிவரை சைவத் துறவியாகவே இருந்தார். இவ்விரு நிலைகளையும் ஒன்றாகக் காட்டி மழுப்புவது இருவருக்கும் செய்யும் அநீதி. அண்ணலின் பாதையே நம் பாதை என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

எனினும் அண்ணல் முதலில் சொன்னது கல்வி என்பதை மறவாதிருப்போம். அச்சொல்லைச் செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிக் காட்டியவர்களுள் ஒருவராகச் சகஜானந்தர் நிற்கிறார். சிந்தனையில் அயோத்திதாசரையும், அரசியலில் இரட்டைமலை சீனிவாசனையும் எம்.சி. ராஜாவையும் முன்னோடிகளாகக் கொள்ளும் நாம், நிறுவனம் கட்டி எழுப்புவதில் இவரை முன்னோடியாகக் கொள்ளத் தடையில்லை. போராட்டத்தின் முழக்கம் ஓய்ந்த பின்னும் அடுத்த தலைமுறைக்கு எஞ்சுவது பள்ளி, விடுதி, நூலகம், நிலம் ஆகியவையே.

இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் நிலை என்ன? விடுதிகளில் உணவு எப்படி இருக்கிறது? கல்வி உதவித்தொகை உரிய காலத்தில் மாணவர் கைக்கு வருகிறதா? ஆரணியிலும் போளூரிலும் கல்லூரியில் பயிலும் நம் தோழர்கள் தம் ஊரிலுள்ள ஒரு விடுதிக்குச் சென்று இக்கேள்விகளைக் கேட்கட்டும், விடைகளை எழுதட்டும், ஆட்சியர் அலுவலகத்தின் முன் வைக்கட்டும். மேல்புதுப்பாக்கத்து முனுசாமிக்கு நாம் செய்யும் மரியாதை அதுவாகவே இருக்க முடியும்.

அடுத்த ஆடியில் படவேட்டுக்கு மீண்டும் கூட்டம் வரும். அன்னையின் சிரசுக்கு மாலை விழும். அப்போது அடைக்கலம் கொடுத்த அந்தப் பெண் யார் என்று நம் பிள்ளைகளுள் ஒருவர் உரத்த குரலில் கேட்க வேண்டும். கேட்கும் துணிவைத் தருவதற்காகவே இருபத்தைந்து பிள்ளைகளோடு ஒரு துறவி பள்ளிக்கூடம் தொடங்கினார் என்று நாம் நம்புகிறோம்.